எக்ஸ்பெக்ட் போதுமா, புரொபப்லியும் வேண்டுமா? எதிர்பார்ப்பை ஆங்கிலத்தில் எழுதும் நான்கு வழிகள்

"பணிப்பாளர் அநேகமாகத் திங்கட்கிழமை வருவார் என எதிர்பார்க்கிறோம்." மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள ஏதாவதோர் அலுவலகத்தில் நாளொன்றுக்கு ஒரு தடவையாவது எழுதப்படக்கூடிய வாக்கியம் இது. தமிழில் இதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. இதையே ஆங்கிலத்தில் எழுத வேண்டி வரும்போதுதான் பேனை நின்றுவிடுகிறது. கல்லடியில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். பிரதேச செயலகத்தில் இருப்பவர்கள், தொண்டு நிறுவனங்களில் கள உத்தியோகத்தராக இருப்பவர்கள், பாசிக்குடா ஹோட்டல்களில் விருந்தினருக்கு மின்னஞ்சல் எழுதுபவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "சேர், எக்ஸ்பெக்ட் போட்டால் புரொபப்லியும் போட வேண்டுமா? போடுவதென்றால் எங்கே போடுவது?"

இதற்கு நான்கு வழிகள் உண்டு. முதலாவது, வினையை மட்டும் நம்புவது: "வீ எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம் ஒன் மண்டே." இரண்டாவது, வினையடையை மட்டும் நம்புவது: "ஹீ வில் புரொபப்லி கம் ஒன் மண்டே." மூன்றாவது, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்ப்பது. நான்காவது, எதிர்பார்ப்பவரையே வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டு "ஹீ இஸ் எக்ஸ்பெக்டட் டு கம்" என்றோ "ஹீ இஸ் லைக்லி டு கம்" என்றோ எழுதுவது. நான்கையும் இலக்கணப் பிழையின்றி எழுதிவிடலாம் என்பதால்தான் தெரிவு செய்வது கடினமாக இருக்கிறது.

## எதைக் கொண்டு அளப்பது

வாக்கியத்தைத் தெரிவு செய்வதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு வகுப்பில் சொல்வேன். எதிர்பார்ப்பு யாருடையது, ஐயம் யாருடையது என்பது முதற் கேள்வி. இவை இரண்டும் ஒரே ஆளுடையவையாக இருக்க வேண்டியதில்லை. வாசிப்பவருக்கு உறுதியின் அளவு எவ்வளவு தெளிவாகப் போய்ச் சேரும் என்பது இரண்டாவது. நாம் நினையாத கட்டளைத் தொனி உள்ளே நுழைந்துவிடுமா என்பது மூன்றாவது. சொன்னது நடக்காமற்போனால் பொறுப்பு யார் தலையில் விழும் என்பது நான்காவது. கடைசிக் கேள்வியை மாணவர்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள்; அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் ஒருபோதும் மறப்பதில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர் தமிழ் வினைக்குள் இருக்கிறது. எதிர்பார் என்ற சொல்லுக்குள் ஒருவர் வாசலில் நின்று தெருவை நோக்கிக்கொண்டிருக்கும் படம் இருக்கிறது. எக்ஸ்பெக்ட் என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் வெளியே நோக்குவது என்பதே பொருள். இரண்டு மொழிகளும் ஒரே வாசலில் நின்றுதான் பார்க்கத் தொடங்கின. பிறகு தமிழ்ச்சொல் காத்திருப்பையும் விருப்பத்தையும் விடாமல் வைத்துக்கொள்ள, ஆங்கிலச்சொல் கணிப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே நாம் எதிர்பார்க்கிறேன் என்று சொல்லும்போது அது நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது அதில் தெரிவதில்லை; அதைச் சொல்வதற்கு அநேகமாக, ஒருவேளை, கட்டாயம் என்று இன்னொரு சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. ஆங்கில வினைக்கோ அநேகமாக என்பது ஏற்கெனவே வயிற்றுக்குள் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது அநேகமாக என்பது இரண்டு தடவை வந்துவிடுகிறது.

## வழி ஒன்று: வினை மட்டும்

ஏதோ ஓர் ஆதாரத்தின் மேல் நின்று பேசுகிறோம் என்றால் இதுவே சிறந்தது. பணிப்பாளரின் பயணத் திட்டம் கையில் இருக்கிறது, அவருடைய சாரதியிடமும் பேசியாயிற்று என்றால் "வீ எக்ஸ்பெக்ட் ஹிம் ஒன் மண்டே" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. முழு உறுதியும் இல்லை, வெறும் ஊகமும் இல்லை என்பதை அந்த ஒரு வினையே சொல்லிவிடும்.

பிரித்தானியப் பேச்சில் இந்த வினைக்கு இன்னொரு பயனும் உண்டு. "ஐ எக்ஸ்பெக்ட் ஹீ இஸ் டயர்ட்" என்று ஒருவர் சொன்னால், அங்கே எதிர்காலமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. நம் ஊர்ப் பேச்சில் "களைச்சிட்டாராக்கும்" என்கிறோமே, அந்த ஆக்கும்தான் அது. எழுத்துத் தமிழில் இதற்கு ஈடான சொல்லைத் தேடி அலைவதைவிட, அம்மம்மாவின் வாயில் வரும் அந்த விகுதியை நினைத்துக்கொண்டால் இந்தப் பயன்பாடு ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

மறைந்திருக்கும் செலவு கட்டளைத் தொனி. எக்ஸ்பெக்ட் என்பதற்குப் பின்னால் வாசிப்பவரையே வைத்து, அவர் செய்ய வேண்டிய செயலையும் வைத்தால், அது எதிர்பார்ப்பு என்ற நிலையிலிருந்து உத்தரவாக மாறிவிடக்கூடும். பாசிக்குடாவில் வேலை செய்யும் என் மாணவர் ஒருவர் விருந்தினருக்கு எழுதிய மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் கைப்பேசியில் காட்டினார். "வீ எக்ஸ்பெக்ட் யூ டு அரைவ் அட் டூ பி.எம்." அவர் நினைத்தது, 'இரண்டு மணிக்கு உங்களுக்காகக் காத்திருப்போம்' என்று. விருந்தினர் வாசித்திருக்கக்கூடியது, 'இரண்டு மணிக்கு வந்து சேர வேண்டும்' என்று. "வீ லுக் ஃபோர்வர்ட் டு வெல்கமிங் யூ" என்று தொடங்கி, அறை இரண்டு மணி முதல் தயாராக இருக்கும் என்று தனி வாக்கியம் எழுதினோம்.

கடிதத்தின் முடிவில் வரும் "உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்" என்பதும் இதே இடறல்தான். பல ஆண்டுகளுக்கு முன், நானும் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு "ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ஏர்லி ரிப்ளை" என்று எழுதி முடித்தேன். பதில் ஒரே வரியில் வந்தது. தன்னால் இயலும்போது எழுதுவாராம். அந்த வரியின் குளிரை வைத்துத்தான் எக்ஸ்பெக்டுக்கும் லுக் ஃபோர்வர்டுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டேன்.

எதிர்மறையில் இந்த வழி மிகவும் கைகொடுக்கும். வரமாட்டார் என்று எதிர்பார்க்கிறேன் என்று தமிழில் சொன்னால், அவர் வராமலிருப்பதை நாம் விரும்புவது போலாகிவிடும். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் ஏறிக்கொள்ளும்: "ஐ டோன்ட் எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம்." இதில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை, கணிப்பு மட்டுமே உண்டு.

## வழி இரண்டு: வினையடை மட்டும்

"ஹீ வில் புரொபப்லி கம்" என்பது எளிமையானது, பேச்சுக்கும் எழுத்துக்கும் பொதுவானது, கட்டளைத் தொனி ஒட்டாதது. இடம் மட்டும் கவனிக்க வேண்டியது. தமிழில் அநேகமாக என்பது வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கும். அந்தப் பழக்கத்தில் "புரொபப்லி ஹீ வில் கம்" என்று எழுதுகிறோம். அது பிழையன்று, ஆனால் எழுத்தில் அதற்குரிய இயல்பான இருக்கை முதல் துணைவினைக்குப் பின்னால்தான். பெர்ஹாப்ஸ், மேபி ஆகிய இரண்டும்தாம் பொதுவாக வாக்கியத்தின் தலையில் நிற்பவை. எதிர்மறைக் குறுக்கம் வரும்போது புரொபப்லி முன்னால் நகரும்: "ஹீ புரொபப்லி வோண்ட் கம்." இதைப் பின்னால் தள்ளி "ஹீ வோண்ட் புரொபப்லி கம்" என்று எழுதுவதே விடைத்தாள்களில் நான் அதிகம் சிவப்பு மை செலவழிக்கும் இடம்.

லைக்லி என்ற சொல்லை வினையடையாகத் தனியே போட்டு "ஹீ வில் லைக்லி கம்" என்று எழுதுவது அமெரிக்க வழக்கு. நமது பாடசாலைகள் பின்பற்றும் பிரித்தானிய வழக்கில் அதற்கு வெரி அல்லது மோஸ்ட் என்ற துணை வேண்டும், அல்லது "இஸ் லைக்லி டு" என்று மாற்ற வேண்டும். எந்த வழக்கைப் பின்பற்றினாலும் சரி, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமலிருந்தால் போதும்.

இந்த வழியின் பெரிய குறை, அளவு வாசிப்பவரின் கையில் போய்விடுவது. அமெரிக்க உளவுத்துறையின் ஆய்வாளராக இருந்த ஷேர்மன் கென்ட் 1964 இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. 1951 இல் யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடப்பது "சீரியஸ் பொசிபிலிட்டி" என்று அவருடைய குழு ஓர் அறிக்கையில் எழுதியிருந்தது. வாசித்த ஓர் அதிகாரி அதற்கு என்ன பொருள் என்று கேட்டபோது, நூற்றுக்கு 65 அளவில் வாய்ப்பு என்பதே தம் கருத்து என்றார் கென்ட். கேட்டவரோ அதனைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். பிறகு அறிக்கையை எழுதியவர்களிடமே விசாரித்தால், ஒருவர் 80 என்றார், இன்னொருவர் 20 என்றார். ஒன்றாக உட்கார்ந்து ஒரே சொல்லுக்கு ஒப்புக்கொண்டவர்களின் நிலை இது.

காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான ஐ.நா. குழு இதனால்தான் தன் அறிக்கைகளில் சொற்களுக்கு எண்களைக் கட்டிவைத்திருக்கிறது: லைக்லி என்றால் 66 சதவீதத்துக்கு மேல், வெரி லைக்லி என்றால் 90 சதவீதத்துக்கு மேல், வேர்ச்சுவலி சேர்ட்டன் என்றால் 99 சதவீதத்துக்கு மேல். நமது கடிதங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் பணமோ திகதியோ தங்கியிருக்கும் இடத்தில் புரொபப்லி என்று எழுதிவிட்டு நகர்வதைவிட, 'பத்து நாளில் கிடைக்கும், பிந்தினால் பதினைந்து' என்று எழுதுவதே மேல்.

பொறுப்பு என்ற கேள்வியில் இந்த வழி இருமுனைக் கத்தி. "ஐ வில் புரொபப்லி ரிட்டர்ன் டு ஸ்ரீலங்கா" என்று வீசா விண்ணப்பக் கடிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார் ஒருவர். மனத்தளவில் அவர் நேர்மையானவர். நாளை நடப்பதை யார் அறிவார் என்று நினைத்தார். கடிதத்தை வாசிக்கும் அதிகாரிக்கோ அந்த ஒரு சொல் திறந்து கிடக்கும் கதவு. தன் செயலைப் பற்றி, தன் தீர்மானத்தைச் சொல்லும் இடத்தில் புரொபப்லியும் வேண்டாம், எக்ஸ்பெக்டும் வேண்டாம். இன்டென்ட் என்ற வினையே அங்கு உரியது.

ஹோப்ஃபுல்லி பற்றி ஒரு வார்த்தை. 'நடக்கும் என்று நம்புவோம்' என்ற பொருளில் அதை வாக்கியத்தின் தலையில் வைப்பதைப் பழைய ஆசிரியர்கள் பலர் கண்டித்தார்கள். அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் நடைக்கையேடு 2012 இல் அந்தத் தடையைக் கைவிட்டது. அலுவலகக் கடிதத்தில் நான் இன்னும் எழுதுவதில்லை; அது என் வயதின் பிடிவாதமாகவும் இருக்கலாம்.

## வழி மூன்று: இரண்டும் சேர்ந்து

எல்லாச் சிக்கலும் இங்கேதான். இரண்டையும் சேர்க்கவே கூடாது என்று சில ஆசிரியர்கள் விதி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த விதி மனப்பாடம் செய்ய இலகுவானது, ஆனால் தவறானது.

"ஐ புரொபப்லி எக்ஸ்பெக்ட் ஹிம் டு கம்" என்பது ஏன் இடறுகிறது? எதிர்பார்ப்பது நான், என் மனத்தில் எதிர்பார்ப்பு இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படுவதும் நான். பசிக்கிறதா என்று கேட்டால் "எனக்கு அநேகமாகப் பசிக்கிறதாக்கும்" என்பது போன்ற விடை அது. எழுதியவர் ஐயப்பட விரும்பியது பணிப்பாளரின் வருகையை. வினையடை போய் ஒட்டிக்கொண்டதோ தன் மனத்தின் மேல்.

ஆளை மாற்றிப் பாருங்கள். "தே புரொபப்லி எக்ஸ்பெக்ட் அஸ் டு பே." அவர்கள் நாம் பணம் கட்டுவோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போலும். இங்கே எதிர்பார்ப்பு அவர்களுடையது, ஐயம் என்னுடையது. மற்றவர் மனத்துக்குள் நான் எட்டிப்பார்க்க முடியாது என்பதால் புரொபப்லி அங்கே அவசியமாகவே இருக்கிறது. அதையே "தே எக்ஸ்பெக்ட் தட் வீ வில் புரொபப்லி பே" என்று உள்ளே நகர்த்தினால் கதை மாறுகிறது: இப்போது ஐயமும் அவர்களுடையது. முதல் வாக்கியத்தைக் கேட்டால் பணத்தோடு போவோம். இரண்டாவதைக் கேட்டால் அவர்கள் நம்மை முழுதாக நம்பவில்லை என்று தெரிந்துகொண்டு போவோம்.

தன்னிலையிலும் விலக்கு உண்டு. "ஐ வொஸ் புரொபப்லி எக்ஸ்பெக்டிங் டூ மச்" என்று, கடந்துபோன தன் மனத்தை இன்று திரும்பிப் பார்த்து ஒருவர் ஐயப்படலாம்; அது நல்ல ஆங்கிலம். "ஐ வுட் புரொபப்லி எக்ஸ்பெக்ட்" என்று, இல்லாத ஒரு சூழலில் தன்னை வைத்துப் பார்ப்பதும் இயல்பானதே. தள்ள வேண்டியது நிகழ்காலத் தன்னிலை மட்டும்.

எக்ஸ்பெக்ட் என்பதோடு பழகிப்போன வினையடைகள் வேறு சில உண்டு. அவற்றுள் பல, வாய்ப்பை அல்லாமல் எதிர்பார்ப்பின் வலிமையையோ நியாயத்தையோ அளப்பவை.

| சேர்க்கை | வாசிப்பவர் காதில் விழுவது | எப்போது தகும் |
|---|---|---|
| ஐ ஃபுல்லி எக்ஸ்பெக்ட் | ஐயமே இல்லாமல் கணிக்கிறேன் | ஆதாரம் வலுவாக இருக்கும்போது |
| ஐ ஹாஃப் எக்ஸ்பெக்டட் | அப்படி நடந்தாலும் வியக்கமாட்டேன் என்றிருந்தேன் | நடந்ததைச் சொல்லும்போது |
| ஐ சேர்ட்டன்லி எக்ஸ்பெக்ட் | இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் | முறைப்பாட்டுக் கடிதத்தில் மட்டும் |
| வீ கேன் ரீசனப்லி எக்ஸ்பெக்ட் | எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு | அறிக்கை, ஒப்பந்தம் |
| ஐ டோன்ட் ரியலி எக்ஸ்பெக்ட் | நம்பிக்கை குறைவு, ஆனாலும் கேட்கிறேன் | பணிவான வேண்டுகோள் |
| ஐ ஹோப்ஃபுல்லி எக்ஸ்பெக்ட் | விருப்பமா கணிப்பா என்று தெரியவில்லை | வேண்டாம் |

உள்வாக்கியத்தில் வினையடையை வைப்பது, அதாவது "ஐ எக்ஸ்பெக்ட் ஹீ வில் புரொபப்லி கம்", பிழையன்று. பேச்சில் ஆங்கிலேயரும் சொல்வார்கள். எழுத்தில் அதன் செலவு, ஒரே செய்திக்கு இரண்டு தயக்கங்கள். கதவை ஒரு தடவை தட்டினால் போதும் என்ற இடத்தில் இரண்டு தடவை தட்டுவதால், எழுதியவர் தன் தகவலையே நம்பவில்லை போலும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஹோப் என்ற வினையோடு இதைச் சேர்ப்பது இன்னும் மோசம்: "ஐ ஹோப் ஹீ வில் புரொபப்லி கம்" என்றால், அவர் வருவதை விரும்புகிறோமா, அநேகமாக வருவதை மட்டும் விரும்புகிறோமா? விருப்பத்தைச் சொல்லும் வினைக்கு வாய்ப்பின் அளவு தேவையில்லை.

## வழி நான்கு: எதிர்பார்ப்பவரை மறைத்தல்

இது அறிவித்தல்களின் மொழி. வளிமண்டலவியல் திணைக்களத்தின் ஆங்கில வானிலை அறிவிப்பை வாசித்துப் பாருங்கள்: கிழக்கு மாகாணத்தில் மழையோ இடியுடன் கூடிய மழையோ 'மே ஒக்கர்' என்றிருக்கும், சில இடங்களில் 50 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை 'ஆர் லைக்லி' அல்லது 'ஆர் எக்ஸ்பெக்டட்' என்றிருக்கும். யார் எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அறிவிப்பின் தலையிலேயே திணைக்களத்தின் பெயர் இருக்கிறது. ஒரு வாக்கியத்துக்கு வாய்ப்பைச் சொல்லும் சொல் ஒன்றுதான் என்பதும் கவனிக்கத்தக்கது.

லைக்லிக்கும் எக்ஸ்பெக்டடுக்கும் இடையில் ஒரு மெல்லிய கோடு உண்டு. லைக்லி நிகழ்வைப் பற்றிய சொல். எக்ஸ்பெக்டட் என்பதன் பின்னால் எங்கோ ஒரு மனிதர் இருக்கிறார். பெரும்போக வேளாண்மை மாசியில் அறுவடைக்கு வரும் என்பது படுவான்கரை விவசாயிகளின் கணிப்பு என்றால் எக்ஸ்பெக்டட். வானத்தையும் பயிரையும் பார்த்து எழுதுபவரே முடிவுக்கு வந்தால் லைக்லி. வைட்லி என்ற வினையடையை மட்டும் இங்கே தாராளமாகச் சேர்க்கலாம், அது எத்தனை பேர் எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்கிறதே ஒழிய வாய்ப்பை இரட்டிப்பதில்லை. லைக்லி எக்ஸ்பெக்டட், புரொபப்லி எக்ஸ்பெக்டட் என்ற இரண்டையும் செய்திகளில் காணலாம். நமது செய்திகளில் வரும் 'அநேகமாக நடைபெறலாம் என எதிர்பார்க்கப்படுகிறது' என்பதன் உடன்பிறப்புகள் அவை. மூன்று ஐயம் ஒரே வரியில்.

எதிர்பார்ப்பவர் மறையும்போது பொறுப்பும் சேர்ந்து மறைவதுதான் இந்த வழியின் செலவு. அது சிலருக்கு வசதி. கடந்த மழைக்காலத்தில் கள உத்தியோகத்தர் ஒருவர் தம் நிறுவனத்தின் கொழும்புக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டிய நாளறிக்கையை வகுப்புக்குக் கொண்டுவந்தார். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் பற்றி ஒரு வரி இருந்தது: "த கேட்ஸ் ஆர் புரொபப்லி எக்ஸ்பெக்டட் டு பி ஓப்பின்ட் டுநைட்." புரொபப்லியை வெட்டிவிட்டால் சரிதானே என்று கேட்டார். வெட்டலாம், ஆனால் யார் எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டேன். ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். பிறகு தானாகவே வெளியே போய்த் தொலைபேசியில் யாருடனோ பேசிவிட்டு, நனைந்த தோளுடன் திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்றிரவு அவர் அனுப்பிய அறிக்கையில் அந்த வரி இப்படி இருந்தது: "த இரிகேஷன் என்ஜினியர் எக்ஸ்பெக்ட்ஸ் டு ஓப்பின் டூ கேட்ஸ் ஆஃப்டர் டென் பி.எம்."